அறுபதேகால் அங்குலம்

யேசு மரி சூசை துணை

ஸ்காபரோ
14-3-2004

அன்பின் றோசலினுக்கு,

இங்கே நானும் அக்காவும் சுகம். எனது பிறஷர் மட்டும் நூற்றைம்பதில் நிற்கிறது. உமது சுகத்தையும் அறிய ஆவல். தொலைபேசியில் கதைத்தால் நீர் இடையில் வைத்துவிடுகிறீர், ஆகவே எழுதுகிறேன். எழுத்தில் இருப்பதை யாரும் இடையில் வைக்க முடியாது.

தம்பி அல்பேட் நம்மை விட்டுப் போய் நாலு மாதம். விதவையான உமது துக்கத்தைக் குறைக்கும் நோக்குடன் அவனுடைய காரை விற்பதற்குத் தீர்மானித்துள்ளேன். பிளாற்ஸ்பர்க்கில், அமெரிக்க எல்லைக்கு அப்பால், உமது வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்தில், ஒரு பல் வைத்தியர் பழைய அமெரிக்கக் கார்கள் சேர்க்கிறார். இந்த ஆசை அவருக்குப் போன வருஷம்தான் பிடித்ததாம். எங்களிடம் 1959ஆம் ஆண்டுப் பொன்ரியாக் பொனவில் ஒன்று இருக்கிறது என்றேன். ஜூலையில் வந்து எடுத்துப்போவார்.

அவர் இரண்டு விபரம் கேட்கிறார். முதலாவது, மட்காட்டில் பொனவில் என்ற பெயரும் பக்கவாட்டு நிக்கல் பட்டியும் இருக்கின்றனவா? இரண்டாவது, முன்பக்க சஸ்பென்சன் எப்படி? அந்தக் காலத்தில் கனடாவில் செய்த பொன்ரியாக்குகள் வெளியே பொன்ரியாக், அடியில் ஷெவ்ரொலே என்று ஏதோ சஞ்சிகையில் படித்திருக்கிறார். அப்படிப்பட்ட கலப்படம் எங்கள் குடும்பத்தில் இல்லை என்று பதில் கொடுத்துவிட்டேன். நீர் பார்த்து உறுதிப்படுத்தினால் போதும்.

உமக்குக் கார் ஓடவும் தெரியாது. சந்துக் கராஜில் துருப்பிடிக்க விட்டு என்ன செய்யப்போகிறீர்?

இங்ஙனம்,
தே. மரியதாசன்
சமாதான நீதவான் (முன்னாள்)
பொறியியல் ஆலோசகர்
ஆலய பரிபாலன சபைத் தலைவர்

தங்கச்சி, இவர் உறையை ஒட்ட முதல் ரெண்டு வரி. நேரத்துக்குச் சாப்பிடு. நானும் வரவேணும் எண்டுதான் இருக்கிறன், இவர் விட்டால். – அல்போன்சம்மா


வில்லரே, மொன்ட்ரியால்
29-3-2004

மதிப்புக்குரிய பெரியத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிறஷரைக் கவனியுங்கள், நூற்றைம்பது கொஞ்சம் அதிகம். நான் சுகம். சந்தில் இன்னும் இடுப்பளவு பனி கிடக்கிறது. கராஜ் கதவைத் திறக்கவே அரை நாள் போயிற்று.

கேட்டபடி பார்த்தேன். முன் மட்காட்டில் பொனவில் என்ற எழுத்து இருக்கிறது. பக்கவாட்டில் நிக்கல் பட்டியும் இருக்கிறது. அடியில் பார்ப்பதற்குப் பனி உருகவேண்டும்.

ஒரு சின்ன விபரம் எனக்கும் தேவை. காரை விற்கச் சொல்லி நான் உங்களுக்கு எழுதிய கடிதம் எந்தத் திகதியிலானது? பிரதியைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வியாழன் பின்னேரங்களில் நான் வீட்டில் இருக்கமாட்டேன். அக்கா போன் எடுப்பதானால் வெள்ளி நல்லது.

அன்புடன்,
றோசலின்


ஸ்காபரோ
11-4-2004, உயிர்த்த ஞாயிறு

அன்பின் றோசலினுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உம்மோடிருப்பதாக. எங்கள் சமாதானத்தை உமது கடிதம் சற்றுக் குலைத்தது.

குடும்பத்தின் மூத்தவன் தீர்மானித்தால் அதற்குக் கடிதம் தேவையில்லை. ஒரு விதவைக்கு எட்டு சிலிண்டர் எதற்கு? கோவிலுக்கு மெட்றோ போகிறது.

பல் வைத்தியர் மறுபடியும் கேட்டிருக்கிறார். உண்மையான அமெரிக்கப் பொன்ரியாக்கின் முன்சில்லுகள் இரண்டும் அகல விரிந்து நிற்குமாம். ஒரு ரயரின் நடுவிலிருந்து மற்ற ரயரின் நடுவுக்குக் கிட்டத்தட்ட அறுபத்துநான்கு அங்குலம். கனடாவுக்குரியது ஷெவ்ரொலேயின் சஸ்பென்சனில் நிற்பதால் மூன்றரை அங்குலம் குறையும். சில்லுகள் மட்காட்டுக்குள் ஒடுங்கி, தகப்பனின் சப்பாத்தைப் போட்ட பிள்ளைபோல் இருக்கும் என்கிறார். இது நுட்பமான அளவு. உம்மால் முடியாது. கோவிலில் விபரமான ஆண்பிள்ளை ஒருவரைப் பிடித்து அளப்பியும்.

இங்ஙனம்,
தே. மரியதாசன், ச.நீ. (முன்னாள்)


வில்லரே
9-5-2004

மதிப்புக்குரிய பெரியத்தானுக்கு,

சுகமாக இருக்கிறேன். இடது பெருவிரல் மட்டும் நசிந்து நீலமாகியிருக்கிறது. எழுதுவதற்கு அது தேவையில்லை.

விபரமான ஆண்பிள்ளையைத் தேடினேன். கோவிலில் மூன்று பேர் முன்வந்தார்கள். மூவரும் காரைச் சுற்றி நடந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நல்ல கார்" என்றார்கள். குனிந்தவர் ஒருவருமில்லை. ஆகவே நானே அளந்தேன். சபனெல் தெருத் தையல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் கோட்டுக்கு அளவெடுத்தவள் நான். தோளில் கால் அங்குலம் பிழைத்தால் கோட்டுக் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பயத்தில் கை இன்னும் நடுங்காமல் இருக்கிறது.

காட்போட் மட்டை விரித்து, அதில் படுத்து, ரயர் நடுவிலிருந்து ரயர் நடுவுக்கு நாடா பிடித்தேன். அறுபதேகால். மறுபடி பிடித்தேன். அறுபதேகால். மறுமுனையைப் பிடித்தவர் சந்துக்கு எதிர்வீட்டு மொசியூ றெஜான். பஸ் கொம்பனியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். நான் படுத்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்:

"அப்ப இது என்ன கார், மொசியூ?"

"லோரென்சியன். கனடாப் பொன்ரியாக், ஓஷாவாவிலை செய்தது. எங்கடை அப்பாவும் வச்சிருந்தவர்."

"அப்ப கள்ளக் காரோ?"

அவர் கோபித்துக்கொண்டார். "ஆர் சொன்னது கள்ளமெண்டு? அது தன்ரை காலிலை நிக்குது. மேலை ஒட்டியிருக்கிற பெயர்தான் கள்ளம், மடாம்."

எஞ்ஜினையும் பார்த்தோம். எட்டு சிலிண்டர் என்று எழுதியிருந்தீர்கள். நான் எண்ணியபோது ஆறுதான் இருந்தது. நாற்பத்தைந்து வருஷத்தில் எஞ்ஜினை யாரும் மாற்றியிருக்கலாம், அதைச் சாட்சிக்கு எடுக்கக்கூடாது, முன்பக்கம்தான் பொய் சொல்லாது என்றார் றெஜான். இடது முன்சில்லைத் தாங்கும் கீழ் மூட்டு, போல் ஜொயின்ற், தேய்ந்திருந்தது. ஷெவ்ரொலேக்குரியதை வாங்கிப் பூட்டினோம். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

அக்காவுக்கு என் அன்பு.

றோசலின்


ஸ்காபரோ
16-5-2004

அன்பின் றோசலினுக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. எனினும் விசாரிக்கிறேன்.

முதலாவது, துணிக்கடை நாடா பழசானால் நீளும் என்பது பொறியியல். இரண்டாவது, நாடா நீண்டால் அளவு குறையும். மூன்றாவது, உறவினருக்கிடையில் மூன்றரை அங்குலம் ஒரு விடயமா?

தம்பியின் முப்பத்தோராம் நாள் பூசையில், ஐந்நூறு பேருக்கு முன்னால், "அல்பேட் என்பவன் பொனவில் வைத்திருந்த தமிழன்" என்று நான் பேசியதை நீர் மறந்திருக்கமாட்டீர். குருவானவரே பிறகு அதைக் குறிப்பிட்டுக் கதைத்தார். இப்போது லோரென்சியன் என்றால் அது என்ன? ஊர்ப் பெயரா, பலகாரமா?

பல் வைத்தியர் உடுப்புச் சுத்தமான மனிதர். நிலத்தில் படுக்கமாட்டார். அவர் வரும்போது நீர் தேத்தண்ணி கொடுத்தால் போதும். அறுபதைப் பற்றியும் கால் அங்குலத்தைப் பற்றியும் வாய் திறக்கவேண்டாம். இது வேண்டுகோளல்ல.

இங்ஙனம்,
தே. மரியதாசன்
சமாதான நீதவான் (முன்னாள்)
பொறியியல் ஆலோசகர்

தங்கச்சி, அந்த எழுத்தை ஆர் ஒட்டினது எண்டு உனக்குத் தெரியுமோ? தெரியாட்டில் விடு. தெரிஞ்சால் யோசிச்சு எழுது. – அ.


வில்லரே
6-6-2004

மதிப்புக்குரிய பெரியத்தானுக்கு,

பிறஷர் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை மாத்திரை போட்ட பிறகு வாசியுங்கள்.

நீங்கள் சொன்னபடி நாடாவைச் சந்தேகித்து, றெஜானின் இரும்பு நாடாவால் அளந்தேன். அறுபதேகால்.

பிறகு மட்காட்டின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினேன். பெயர்கள் தகட்டில் துளைபோட்டுத்தான் பூட்டப்படும். பொனவில் எழுத்துக்குப் பின்னால் ஒரு துளையும் இல்லை. பசையால் ஒட்டியிருக்கிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி, வேறொரு பெயர் இருந்த துளைகள் நிரப்பி அடைக்கப்பட்டிருக்கின்றன. பின்பெட்டியில், மேலதிகச் சில்லின் கீழே, உதயன் பேப்பரில் சுற்றி அந்தப் பெயரை அவர் வைத்திருந்தார். லோரென்சியன். கூடவே 1996 நத்தார் வாழ்த்து மட்டை ஒன்று, பாலன் யேசு பிறந்த படம் போட்டது. அதில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்:

"தம்பி, லோரென்சியன் எண்டால் இங்கை ஒருத்தருக்கும் தெரியாது. சந்தையிலை இந்த எழுத்து ஆப்பிட்டது. ஒட்டிப்போட்டு பொனவில் எண்டு சொல்லு. ஆர் குனிஞ்சு பார்க்கப்போறான்?"

கையெழுத்து யாருடையது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பெயருக்குக் கீழே அப்போது ஒரு பட்டம்தான் இருந்திருக்கிறது.

அவர் ஏன் ஒட்டினார் என்று இந்தக் கிழமை முழுவதும் யோசித்தேன். அண்ணன் சொன்னால் ஒட்டுகிற மனிதர் அவர். ஏன் பழைய பெயரை எறியாமல் வைத்திருந்தார் என்பதையும் யோசித்தேன். அதை எழுதமாட்டேன்.

பல் வைத்தியரை வரச் சொல்லுங்கள். தேத்தண்ணி கொடுப்பேன்.

அன்புடன்,
றோசலின்


ஸ்காபரோ
4-7-2004

என்ரை தங்கச்சி றோசலினுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். முழங்கால்தான் பாவி. இவர் உனக்கு எழுதமாட்டன் எண்டு இருக்கிறார். அதாலை நான் முழுக் கடிதமும் எழுதுறன். முப்பது வருஷமா இவரின்ரை கடிதத்துக்குக் கீழை ரெண்டு வரி எழுதி எழுதி, முழுத்தாளைக் கண்டால் பயமாக் கிடக்கு.

உன்ரை கடிதத்தை வாசிச்சிட்டு, "ஆரோ என்ரை கையெழுத்தைக் கள்ளமாப் போட்டிருக்கிறான்" எண்டார். நடிக்கேல்லை, தங்கச்சி. உண்மையா மறந்துபோச்சு. நான்தான் அண்டைக்குச் சந்தையிலை பக்கத்திலை நிண்டனான். "ஏனப்பா இந்தத் தகரம்?" எண்டும் கேட்டனான். எட்டு வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி இப்ப தானே நம்பிட்டார். எஞ்ஜினியர் எண்டதும் அப்பிடித்தான். சீமெந்துத் தொழிற்சாலையிலை ஓவசியரா, வேலையாக்களை மேற்பார்க்கிறவரா, இருந்தவர். பிளேன் ஏறேக்கை உதவி எஞ்ஜினியர், ரொறன்ரோவிலை இறங்கேக்கை எஞ்ஜினியர்.

ஒண்டு கேக்கிறன். வியாழன் வியாழன் எங்கை போறாய்? உன்ரை பெருவிரல் ஏன் நசிஞ்சது? எனக்குச் சொல்லாட்டிலும் பரவாயில்லை. நல்ல காரியமா இருந்தால் விடாதை.

அக்கா,
அல்போன்சம்மா


வில்லரே
25-7-2004

அன்பின் பெரியத்தானுக்கும் அக்காவுக்கும்,

இருவரும் சுகமாயிருப்பீர்கள். பெருவிரல் ஆறிவிட்டது, நகம் புதிதாக வருகிறது.

பல் வைத்தியர் சென்ற சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை வந்தார். வெள்ளைக் காற்சட்டை. காரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். பொனவில் எழுத்தை விரலால் தடவி, "அழகு, அழகு" என்றார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் குடித்து முடித்ததும் காட்போட் மட்டையை விரித்தேன்.

"இது எதற்கு?" என்றார்.

"படுங்கோ," என்றேன். என் இங்கிலீஷில் அதற்குமேல் மரியாதை வரவில்லை.

வெள்ளைக் காற்சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படுத்தார். நாடாவின் ஒரு முனையை அவரிடமே கொடுத்தேன். மறுமுனையை நான் பிடித்தேன். பிறகு அடியிலிருந்து குரல் வந்தது: "மேடம், நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் வாங்கியிருப்பேன்."

"அதனால்தான் சொன்னேன்."

எழுந்து தூசி தட்டினார். நல்ல மனிதர், ஏமாற்றத்திலும் சிரித்தார். அப்படியே இருக்கட்டும், எழுத்தைக் கழற்றாமல் கொடுத்தால் எடுக்கிறேன் என்றார். ஏனென்று கேட்டேன். "முப்பது வருஷமாகப் பல்லுக்குத் தொப்பி போடுகிறேன். தொப்பி நன்றாக இருந்தால் உள்ளே என்ன பல் என்று ஒருவரும் கேட்பதில்லை," என்றார்.

என் பெரியத்தானுக்கும் உங்களுக்கும் நன்றாக ஒத்துப்போகும் என்றேன். விற்கமாட்டேன் என்றும் சொன்னேன். இரண்டையும் அவர் விளங்கிக்கொண்டார்.

அவர் போன பிறகு தலைமயிர் உலர்த்தியால் பசையைச் சூடாக்கி, சபனெலில் மிஞ்சிய நைலோன் நூலைப் பின்னால் விட்டு அறுத்தேன். பொனவில் கழன்று கையில் வந்தது. உங்களுடையது என்பதால் இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
றோசலின்


யேசு மரி சூசை துணை

ஸ்காபரோ
3-8-2004

திருமதி அல்பேட் அவர்களுக்கு,

பொதி கிடைத்தது. தபால்காரன் முன்னிலையில் பிரித்துவிட்டேன் என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன்.

குடும்பத்தின் பெயரைக் கழற்றி எனக்கே தபாலில் அனுப்பும் பெண்ணை எங்கள் பரம்பரை கண்டதில்லை. அல்பேட் என் தம்பி. அவன் பொருளுக்கு மூத்தவன் பொறுப்பு. ஆகஸ்ட் 28ஆம் திகதி, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு இழுவை வண்டியுடன் வருவேன். காரை ஸ்காபரோவில் என் கராஜில் வைத்து, உரிய பெயரை மீண்டும் பூட்டி, உரியவருக்கு விற்பேன். கராஜ் பூட்டின் திறப்பை ஆயத்தமாக வைக்கவும்.

காரை நகர்த்த முயலவேண்டாம். அந்த ஒடுங்கிய முன்பக்கத்தை வைத்துக்கொண்டு அது கிங்ஸ்ரன்வரைகூட ஓடாது. எழுபதில் குலுங்கும், எண்பதில் கழலும். இதை ஒரு பொறியியலாளராகச் சொல்கிறேன்.

இங்ஙனம்,
தே. மரியதாசன்
சமாதான நீதவான் (முன்னாள்)
பொறியியல் ஆலோசகர்
ஆலய பரிபாலன சபைத் தலைவர்
குடும்பத் தலைவர்


வில்லரே
19-8-2004

மதிப்புக்குரிய பெரியத்தானுக்கு,

சுகமாயிருங்கள். இழுவை வண்டிக்குச் சொல்லியிருந்தால் நிறுத்திவிடுங்கள். 28ஆம் திகதி கராஜில் கார் இருக்காது.

இதுவரை எழுதாமல் விட்ட சிலவற்றை இப்போது எழுதுகிறேன். கார் டிசம்பரிலிருந்து என் பெயரில் இருக்கிறது. அவரே நோட்டரியிடம் உயிலில் எழுதி வைத்தது. உங்கள் முதல் கடிதம் வந்தபோதே அது என்னுடையது. நீங்கள் எப்போது கேட்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு கடிதம் வந்தது, கேட்கவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த காலத்திலேயே பழகுநர் அனுமதி எடுத்துவிட்டேன். "எனக்குப் பிறகு ஆரிட்டையும் ஏத்திக்கொண்டு போகச் சொல்லிக் கேளாதை," என்றார். வியாழன் பின்னேரங்களில் றெஜான் பக்கத்தில் இருந்து பழக்கினார். கியர் தடி ஸ்டியரிங்கில் இருக்கிறது. முதல் மாதம் அதனோடு சண்டை. ஜூலை கடைசியில் பரீட்சை எழுதி, ஓடிக் காட்டி, லைசன்ஸ் எடுத்தேன். போல் ஜொயின்றைப் பூட்டியதும் நான்தான். விரல் நசிந்தது அப்போது.

அடைத்த துளைகளைத் திறந்து பழைய பெயரை அதன் இடத்தில் பூட்டிவிட்டேன். அதன் பின்னாலிருந்த நாலு ஊசிகளும் நாலு துளைகளில் இறங்கின.

28ஆம் திகதி விடிய வெளிக்கிட்டு ஸ்காபரோ வருகிறேன். 29ஆம் திகதி ஞாயிறு, ஒன்பது மணிப் பூசைக்குப் பிறகு, உங்கள் கோவில் வாசலில் காரை நிறுத்துவேன். முப்பத்தோராம் நாள் பூசையில் நீங்கள் பேசியதைக் கேட்ட ஐந்நூறு பேரும் வந்து பார்க்கலாம். படுத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மட்டை கொண்டு வருகிறேன். நாடாவும் இருக்கும்.

என்ன கார் என்று கேட்டால் லோரென்சியன் என்பேன். யார் பொனவில் என்று சொன்னது எனக் கேட்டால், உங்களைக் கேட்கச் சொல்வேன். நத்தார் மட்டையைக் கொண்டுவரமாட்டேன். அது அவர் எனக்கு விட்டுப்போனது, ஊருக்கு அல்ல.

அக்காவுக்கு ஒரு சொல்: முன் இருக்கை அகலமானது. முழங்காலை நீட்டலாம்.

அன்புடன்,
றோசலின்


வில்லரே, மொன்ட்ரியால்
1-9-2004

அன்புள்ள அவருக்கு,

ஆண்டவர் துணையால் நானும் றோசலினும் சுகமா வந்து சேர்ந்தம். உங்கடை பிறஷர் மாத்திரை சமையலறை மேசை லாச்சியிலை, இழுத்தால் இடது பக்கம். சோறும் மீன்குழம்பும் மூண்டு நாளைக்குப் பிறிட்ஜிலை கிடக்கு. மூண்டு நாள் முடிஞ்சுது எண்டும் எனக்குத் தெரியும். அரிசி எங்கை இருக்கெண்டு உங்களுக்குத் தெரியாட்டில், உரக்கக் கூப்பிடாதேங்கோ, நான் அங்கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோவிலுக்குள்ளையே இருந்திட்டியள். அதாலை வெளியிலை நடந்ததைச் சொல்லுறன். நூறு பேர் சுத்தி நிண்டவை. முதல் ஒருத்தரும் படுக்கேல்லை. பிறகு குருவானவர் அங்கியைத் தூக்கிக்கொண்டு படுத்தார். அதுக்குப் பிறகு வரிசை. "மரியதாசன் ஐயா பொனவில் எண்டெல்லோ சொன்னவர்?" எண்டு ஒரு பொடியன் கேட்டான். றோசலின் சொன்னபடி, "அவரைக் கேளுங்கோ," எண்டு மட்டும் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையிலை பை இல்லை, செருப்பும் கோவில் செருப்பு. ஏறியிட்டன்.

கிங்ஸ்ரன் தாண்டினம். தொண்ணூறிலை போனாள். குலுங்கேல்லை. உங்களுக்குத் தெரியவேணும் எண்டு எழுதுறன். ஐந்நூறு கிலோமீற்றர் முன் இருக்கையிலை நான்தான் இருந்தனான்.

நீங்கள் கோபமா இருப்பியள். இருங்கோ. தம்பி அல்பேட் அந்தத் தகரத்தை உங்களுக்காக ஒட்டினான், நானும் முப்பது வருஷம் "ஓம், எஞ்ஜினியர்தான்" எண்டு எல்லாருக்கும் சொன்னனான். அவன் செத்துப்போனான். நான் இனிச் சொல்லமாட்டன். ஓவசியர் எண்டுதான் சொல்லுவன். நல்ல ஓவசியர் நீங்கள், நான் கட்டினது அவரைத்தான். அதிலை எனக்கொரு வெட்கமும் இருந்ததில்லை.

நாளைக்கு வியாழன். றோசலின் என்னையும் பஸ் நிக்கிற பழைய வளவுக்குக் கூட்டிக்கொண்டு போறாள். மொசியூ றெஜானும் வாறாராம். முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு சும்மா இருந்தால் போதுமாம்.

எப்ப திரும்பி வாறன் எண்டு கேட்டு எழுதாதேங்கோ. முடிவெடுத்ததும் அறியத்தருவன். கேக்கிறதுக்கு இல்லை, அறியத்தாறதுக்கு.

இப்படிக்கு,
அல்போன்சம்மா